வெட்டுக்குறி இல்லாத கட்டை

அன்புள்ள மகனுக்கு என்று ஆரம்பிக்கச் சொல்லி உன் அம்மா பக்கத்தில் நின்றாள். ஆரம்பித்துவிட்டேன். அவளும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இனி உள்ளதை எழுதலாம். இதை அவளிடம் படித்துக் காட்டாதே. என்னோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவள், இன்னும் கொஞ்ச நாள்தான், அதுவரைக்கும் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு இருக்கட்டும்.

உன்னிடமிருந்து வந்தது கடிதமா தந்தியா என்று தெரியவில்லை. நாலு வரி. ஓசூர் வேலையை விட்டாயிற்று. தை மாதம் கல்யாணம் முடிந்த கையோடு ஆவடியில் ஷெட் பிடித்துக் கடைசல் பட்டறை போடப் போகிறாய். முகப்பேரில் யாரோ கட்டும் வீட்டுப் படிக்கட்டுக் கைப்பிடிக்கு எண்பது மரக்கால் கடைந்து தருவதாக இப்போதே வாக்குக் கொடுத்துவிட்டாய். 'நல்ல கட்டை கிடைக்கும் இடங்களை எழுதி அனுப்பவும்.' அவ்வளவுதான். அப்பாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கக் காணோம். கேட்டிருந்தாலும் பொய்தான் எழுதியிருப்பேன், அதனால் நஷ்டமில்லை. இத்தனை வருஷம் மரத்தூளை மூக்கால் உறிஞ்சினால் நெஞ்சு என்ன ஆகுமோ அது ஆகியிருக்கிறது. வாசலிலிருந்து கொல்லைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தையே மூன்று நாளாக எழுதுகிறேன்.

கட்டையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் உன் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுமார்தான். போன தீபாவளிக்கு நீ கடைந்து எடுத்து வந்த பூரிக்கட்டையைப் பார்த்து உன் அம்மா கண்ணீர் விட்டாள். நீ ரயில் ஏறிய மறுநாளே அதைச் சமையலறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். நடுவில் வயிறு தள்ளியிருந்தால் மாவு எப்படி வட்டமாக வரும்? வருத்தப்படாதே, என் கையும் சுமார்தான். நான் பிறவிக் கடைசல்காரன் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். கம்பெனியைக் கதவடைத்தார்கள். இரும்பு போனதால் மரத்துக்கு வந்தேன். சுமாரான கையை நல்ல மரம் காப்பாற்றும். மோசமான மரம் எப்பேர்ப்பட்ட கையையும் சந்தி சிரிக்க வைத்துவிடும். அதனால் நீ கேட்டது சரியான கேள்விதான். தப்பான ஆளிடம் கேட்டிருக்கிறாய்.

முதலில் நீ பூந்தமல்லி போவாய். எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். டிரங்க் ரோட்டில் வரிசையாக மர வாடிகள். கல்லாவில் இருப்பவன் உன்னைப் பார்த்ததும் "வாங்க சார்" என்பான். சார் என்று கூப்பிட்டால் உன் தலையில் மிளகாய் அரைக்கப் போகிறான் என்று அர்த்தம். என்னை "யோவ்" என்றுதான் கூப்பிடுவான், எனக்கு உள்ளே இருக்கிற கட்டையைக் காட்டுவான். சிவப்பாக எது இருந்தாலும் வேங்கை என்பான், மஞ்சளாக எது இருந்தாலும் தேக்கு என்பான், அவன் மாமனார் மஞ்சளாக இருந்தால் அவரையும் அறுத்து அடுக்கியிருப்பான். கட்டையின் தலையைப் பார். மெழுகோ பெயின்ட்டோ பூசியிருப்பது தப்பில்லை, மெதுவாகக் காயட்டும் என்று பூசுவதுதான். ஆனால் அந்தப் பூச்சுக்கு அடியில் நகத்தை வைத்துச் சுரண்டு. தூளையும் பசையையும் குழைத்து வெடிப்பை அடைத்திருந்தால் நகத்தோடு வந்துவிடும். வந்தால் சண்டை போடாதே. "போன்ல சொல்லிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நட. போன் இல்லாதவனுக்கு அது நல்ல சாக்கு.

இடித்த வீட்டு மரம் நல்ல மரம். அந்தக் காலத்து உத்தரம், தூலம் எல்லாம் ஐம்பது வருஷம் தலைக்கு மேலேயே காய்ந்தது. ஆனால் உள்ளே ஆணி இருக்கும். வாங்குகிற இடத்திலேயே காந்தத்தை வைத்துத் தடவிப் பார். என் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு சைக்கிளிலிருந்து விழுந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பொய். ஒரு வாசற்கால் துண்டுக்குள் இருந்த ஆணி உளியை அடித்துத் திருப்பியது. கடைசல்காரன் மரத்திடம் அடிபட்டேன் என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. எஸ்டேட் கம்பெனிகள் வெளியே தள்ளும் பேக்கிங் பெட்டி மரத்தைப் பற்றிக் கேட்காதே. அதில் ஊறுகாய் ஜாடி மூடி கடையலாம். கட்டைத்தொட்டி பற்றியும் சொல்ல வேண்டும். அடுப்பு விறகு விற்கிற தொட்டியில் கடைசலுக்கு என்ன இருக்கப்போகிறது என்று நினைப்பாய். அங்கேதான் என் வாழ்நாளில் கடைந்த நல்ல மரமெல்லாம் கிடைத்தது. அதை எழுதத்தான் மூன்று நாளாக மை கொட்டுகிறேன், கொஞ்சம் பொறு.

உண்மையான கட்டை வேண்டுமானால் இந்தப் பக்கத்தில் ஒரே ஆள்தான். வெள்ளானூர் ஏகாம்பரம். பெயரைப் படித்ததும் உன் உதடு கோணியிருக்கும். 'அந்தப் பச்சைக் கட்டையா?' ஊர் முழுக்க அப்படித்தான் சொன்னது, நீயும் சொன்னாய். அந்தப் பெயரை வைத்தவன் நான். அவர் தன் ஆயுசில் ஒரு பச்சைக் கட்டையைக்கூட விற்றதில்லை.

ஏகாம்பரம் கழனி வேலை செய்தவர். கழனியெல்லாம் மனையாகி, கல் நட்டு, பெயர்ப்பலகை வைத்தபோது, மனைக்காரனுக்கு மரங்கள் தொந்தரவாக இருந்தன. பூவரசு, வாகை, வேம்பு. வெட்டிக் கொடுத்து, கூலிக்குப் பதில் மரத்தையே வாங்கிக்கொள்வார். வாங்கியதை விற்க மாட்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையில் முக்கிவிடுவார். கட்டையின் தலையில் ஒரு மழைக்காலத்துக்கு ஒரு கோடாலி வெட்டு. இரண்டு வெட்டு விழுந்தால்தான் கரைக்கு எடுப்பார். பிறகு ஓலைக் கொட்டகையில் ஒரு முழுக் கோடை. அதற்குள் கேட்டுப் போனால் அறுத்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார், தாய் பிள்ளைக்கு ஜுரம் பார்ப்பதுபோல. சில்லென்று இருந்தால் ஈரம். "இன்னும் தண்ணி உள்ள கீது மேஸ்திரி. இப்ப எட்துகினு போனா உன் பேர கெட்த்துடும். ஆடி போவட்டும், வா" என்பார். நான் அவரை அண்ணாத்தே என்று கூப்பிடுவேன், அவர் என்னை மேஸ்திரி என்பார். கன்னத்தில் வைத்துப் பார்க்கும் வித்தையை நான் உனக்குக் கற்றுக்கொடுத்தபோது என் சொந்தச் சரக்கு மாதிரி கொடுத்தேன். அது அவருடையது.

நீ பத்தாவது படித்த வருஷம். முகப்பேரில் புதிதாகக் கட்டிய ஒரு பெரிய வீட்டுக்குப் படிக்கட்டு வேலை வந்தது. இப்போது உனக்கு வந்திருக்கிறதே, அதே மாதிரி. அறுபது கால். வைகாசியில் கிரகப்பிரவேசம், பத்திரிகை அடித்துவிட்டார்கள். ஏகாம்பரத்திடம் போனேன். கொட்டகை காலி. கரையில் எட்டு பூவரசங்கட்டை ஏற்றியிருந்தது, எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "முடியாது மேஸ்திரி" என்றார். கெஞ்சினேன். "நீ அழுதாலும் அது காயாது" என்றார். இந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. கழனியில் நாற்றுப் பிடுங்கியவன், லேத்தில் நூலளவு பார்த்து வேலை செய்த எனக்குப் பாடம் எடுக்கிறானா என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மாற்றி எழுதவில்லை.

பத்து நாள் கழித்து, மகளுக்குப் பிரசவத்தில் சிக்கல், குழந்தை பிறக்கும்வரைக்கும் படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று அவர் வீட்டுக்கே வராமல் ஆஸ்பத்திரியே கதியாகக் கிடக்கிறார் என்று தெரிந்தது. காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் சம்சாரம் மட்டும் இருந்தாள். "அண்ணாத்தய ஆஸ்பத்திரில பாத்தேன் அண்ணி, கட்டைய எட்துகினு போவ சொன்னாரு" என்றேன். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை. எட்டுக் கட்டையையும் ஏற்ற அவளே ஒரு பக்கம் தோள் கொடுத்தாள். குண்டான் நிறைய கூழ் கரைத்துக் கொடுத்தாள், வெங்காயத்தோடு குடித்தேன். அப்போதுதான் கொட்டகையின் பரண்மேல் ஒற்றையாக ஒரு கட்டை கிடப்பதைப் பார்த்தேன். நல்ல பருமன். ஏறித் தலையைத் தடவினேன். வெட்டு இல்லை. கன்னத்தில் வைத்தேன், வெதுவெதுவென்று இருந்தது. வருஷக்கணக்காகக் காய்ந்த கட்டை. வெட்டு இல்லாததால் அவர் மறந்துபோன கட்டை என்று முடிவு கட்டினேன். விற்கிற கட்டைக்குத்தான் அவர் வெட்டுப் போடுவார், விற்காததற்குப் போட மாட்டார் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பல வருஷம் அவரிடம் வாங்கியும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அதையும் இறக்கினேன். "அத்தையுமா சொன்னாரு?" என்றாள். "ஆமா அண்ணி." ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "அதான பாத்தேன்! எத்தினி நாள்ல ஆவும் மேஸ்திரி?" என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. "பத்து நாள்ல" என்று சொல்லி வண்டியைத் தள்ளினேன். தெருமுனை வரைக்கும் அவளும் ஒரு கை போட்டுத் தள்ளினாள்.

மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டதும் எட்டுக் கட்டையிலிருந்தும் தண்ணீர் தெறித்தது. என் பனியன் நனைந்தது. நனைந்த பனியனோடு, தெரிந்தே கடைந்தேன். பளபளவென்று வார்னிஷ் அடித்துப் பொருத்தினேன், வீட்டுக்காரர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். கிரகப்பிரவேசம் முடிந்த வாரத்துக்குள் ஒவ்வொன்றாகப் பிளந்தன. சில கால்கள் முறுக்கிக்கொண்டன. பரண் கட்டையில் கடைந்த ஏழெட்டு மட்டும் ஆணி அடித்தாற்போல நின்றன. வீட்டுக்காரர், வீடு கட்டிய கொத்தனார், பக்கத்து வாடிக்காரர்கள் இரண்டு பேர் என்று ஒரு கூட்டமே பட்டறைக்கு வந்தது. பிளந்த காலை என் முகத்துக்கு நேரே நீட்டினார் வீட்டுக்காரர். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஏகாம்பரம் குடுத்த கட்டைங்க. ரெண்டு மழ பாத்து ஒரு கோட காஞ்சதுன்னு சத்தியம் பண்ணி குடுத்தான்" என்றேன்.

விஷயம் கேள்விப்பட்டு ஏகாம்பரமே ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து சேர்ந்தார். கூட்டம் வழிவிட்டது. பிளந்த காலை வாங்கிக் கன்னத்தில் வைத்தார். அத்தனை பேர் எதிரில், கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் வைத்திருந்தார். "கட்ட என்னுதுதான். நான் குடுக்கல. இவன் எட்துகினு வந்துகீறான்" என்றார். எனக்கு அப்போது வாயில் சனி. "உன் சம்சாரம்தானே தோள் குட்த்து ஏத்துச்சி? கூழ் ஊத்துச்சி? இல்லன்னு சொல்ல சொல்லு பாக்கலாம்" என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்பதுதான் கேவலம். பெண்டாட்டியைக் கூட்டத்தில் நிறுத்தி விசாரிக்க விடுகிற ஆள் அவர் இல்லை. காலைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். வாடிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் பூந்தமல்லி வரைக்கும் பெயர் போய்ச் சேர்ந்தது. பச்சைக் கட்டை ஏகாம்பரம்.

மறுநாள் அவர் சம்சாரம் வந்தாள். கூட்டத்தில் நடந்ததை அவர் வீட்டில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவள் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். "நேத்து ராத்திரி பேரன் பொறந்துகீறான் மேஸ்திரி. தொட்டில் ஆச்சா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளேதான் புரியவைத்தாள். மகளுக்குக் கல்யாணமான அன்றைக்கே ஒரு பூவரசை வெட்டி, தண்ணீரில் வைத்து, கரையேற்றி, பரணில் போட்டு வைத்திருந்தாராம் ஏகாம்பரம். முதல் பேரப்பிள்ளைக்குத் தொட்டில். கடைவதற்கு என்னிடம்தான் கொடுப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். தொட்டில் எங்கே என்று பட்டறை முழுக்கத் தேடிய அவள் கண் கடைசியில் என் முகத்தில் வந்து நின்றது. நான் வேறு பக்கம் பார்த்தேன். ஒரு பிடி மரத்தூளை அள்ளி என் முகத்தில் வீசினாள். "கட்டையில போறவனே!" என்றாள். உன் அம்மாகூட நான் லேட்டாக வந்தால் இந்த வார்த்தையைச் சொல்லித்தான் சோறு போடுவாள். நம் தெருவில் இது வசவே இல்லை. அவள் சொன்னபோது மட்டும் அதன் அர்த்தம், சுடுகாட்டில் அடுக்குகிற கட்டையோடு, முழுசாக என் காதில் விழுந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் ஒரு சாதாரண அயோக்கியன், அவ்வளவுதான். இதற்குமேல் இருக்கிறது. ஏகாம்பரத்தின் கட்டையை எந்த வாடியும் தொடவில்லை. எந்தக் கடைசல்காரனும் வாங்கவில்லை. குட்டையில் இரண்டு மழை, கொட்டகையில் ஒரு கோடை என்று பிள்ளை மாதிரி வளர்த்த கட்டைகளை அவர் ஆவடிப் பக்கம் ஒரு கட்டைத்தொட்டியில் கொண்டுபோய், சவுக்கு விறகோடு விறகாகப் போட ஆரம்பித்தார். அதைக் கண்டுபிடித்தவன் நான். உன் அம்மாவுக்கு விறகு வாங்கப் போன இடத்தில் இரண்டு கோடாலி வெட்டோடு ஒரு கட்டையைப் பார்த்தேன். கன்னத்தில் வைத்தேன். வெதுவெதுப்பு. அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோஷம்தான், வெட்கம் இல்லை. அடுத்த மூன்று வருஷம் அடுப்புக்கு என்று சொல்லி அவர் கட்டையைப் பொறுக்கி எடுத்து வந்தேன். 'இந்த மேஸ்திரி கடைந்த கட்டில் கால் ஆடவே ஆடாது' என்று ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்க எனக்குப் பெயர் வந்ததே, அது அந்த மூன்று வருஷத்தில் வந்த பெயர். உன்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்த பெயர். நல்ல கட்டை கிடைக்கும் இடம் எது என்று கேட்டாயே, இதுதான். ஒருத்தனின் பெயரைக் கொன்றுவிட்டு, அவன் சரக்கு விறகாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் உனக்கு ஞாபகம் இருக்காது. ஐ.டி.ஐ. சேர்ந்த புதிது, கூட இரண்டு சிநேகிதர்கள். ஏகாம்பரம் ஒரு மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நீ சத்தமாக, "இன்னா பச்ச கட்ட, குட்டைல தண்ணி கீதா?" என்றாய். சிநேகிதர்கள் சிரித்தார்கள். நான் உன்னை ஓர் அறை விட்டிருக்க வேண்டும். சிரித்தேன். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நீங்கள் பஸ்ஸில் ஏறியதும் என் பக்கத்தில் வந்தார்.

"உன் புள்ளையா மேஸ்திரி?"

"ஆமா."

"நல்லா வளத்துகீற." மூட்டையைக் கீழே வைத்தார். "தொட்டில என் கட்டைய பொறுக்கிகினு போறது நீதான்னு தெரியும். எட்துக்கோ. தொட்டிலுக்கு போவாதது தொட்டிக்கு போச்சு, யார் ஊட்லயோ காலா நிக்குது. நல்லதுதான். ஆனா ஒரு கட்டைய மட்டும் அங்க போடாம வெச்சிகீறேன். நல்லா காயுது. வெட்டு கெடையாது அதுல. அது உனுக்கு."

"எனுக்கு எதுக்கு?" என்றேன்.

"என் சம்சாரம் அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லிட்டா. அவ வாய் பொய்யாவ கூடாது இல்ல? நேரம் வரும்போது இந்த புள்ளையவே அனுப்பு, குட்த்து அனுப்பறேன்." கோபமாகச் சொல்லவில்லை. ஆடி போகட்டும் வா என்று சொல்வாரே, அதே குரல். மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

மன்னிப்புக் கேட்டாயா என்று நீ கேட்பாய். ஒரு தரம் போனேன். வெள்ளானூரில் இறங்கினேன். வீட்டு வாசலில் ஒரு பையன் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான், தொட்டிலில் படுக்காமலே வளர்ந்தவன். கடையில் ஒரு சோடா குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பயம், வேறொன்றும் இல்லை. இப்போது குட்டையில் பாதியைக் கட்டட இடிபாடு கொட்டித் தூர்த்துவிட்டார்களாம். மீதிப் பாதியில் அவர் இன்னும் பத்துப் பதினைந்து கட்டை முக்குகிறார், பழைய கதை தெரியாத ஒன்றிரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று கேள்வி. அந்தக் கட்டையை மிஞ்ச இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் கட்டை இல்லை.

அதனால் நீ அங்கேதான் போக வேண்டும். போவதற்கு முன்னால் முகப்பேர் ஆளிடம் போய் எண்பது காலும் இப்போது முடியாது என்று சொல்லிவிடு. உன் மானம் கொஞ்சம் போகும், போகட்டும். நீ வாக்குக் கொடுத்த தேதிக்குள் காய்ந்த மரம் எவனிடமும் கிடைக்காது. கிடைக்கிறது என்று சொல்கிறவன் என்னைப் போன்றவனாக இருப்பான். உனக்கு வரப்போகிற பெண்ணிடமும் கல்யாணத்துக்கு முன்னாலேயே இந்தக் கதையைச் சொல். எப்பேர்ப்பட்டவன் பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுகிறோம் என்று தெரிந்து நீட்டட்டும்.

ஏகாம்பரம் வீட்டுக்குப் போகும்போது அந்த அரை அங்குல உளியை எடுத்துக்கொண்டு போ. நீ ஓசூருக்குப் போனபோது நான் கொடுத்தேனே, கருஞ்சிவப்பாகப் பூவரசங் கைப்பிடி போட்டது. பிடித்தால் கையோடு ஒட்டிக்கொள்கிறது என்று பெருமையாகச் சொல்வாயே, அதுதான். அது அந்தப் பரண் கட்டையில் மிஞ்சிய துண்டு. இத்தனை வருஷம் அந்தக் குழந்தையின் தொட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் நீ வேலை செய்திருக்கிறாய். அதை அவர் கையில் கொடு. கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். அப்போது யார் பிள்ளை என்று நீ சொல்ல வேண்டியிருக்காது. எனக்காக மன்னிப்புக் கேட்காதே, அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. பஸ் ஸ்டாண்டில் நீ பேசியதற்கு நீ கேள். அடித்தால் வாங்கிக்கொள். அவர் சம்சாரம் இருந்தால் காலில் விழு. இரண்டு மழை காத்திரு என்று சொன்னால் காத்திரு, அதுவரைக்கும் கட்டில் கால், பம்பரம் என்று எதையாவது கடைந்து வயிற்றைக் கழுவு.

கட்டை கொடுப்பார். எனக்குத் தெரியும், கொடுத்துவிடுவார். நீ கிளம்பும்போது, கேட்காமலே இன்னொரு கட்டையையும் உள்ளேயிருந்து எடுத்து வந்து உன்னிடம் நீட்டுவார். தலையைத் தடவிப் பார்க்காதே, அதில் வெட்டு இருக்காது. விலை கேட்காதே. அதை மெஷினில் ஏற்றாதே. காய்ந்திருக்கிறதா என்று சோதிக்கவும் வேண்டாம், ஈரக் கட்டை கொடுக்கிற ஆள் இல்லை அவர். வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக அம்பத்தூர் வா. கொல்லையில் மழை படாத இடமாகப் பார்த்துச் சாத்தி வை. அதை நான் ஒரு தரம் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். எதற்குடா இது என்று உன் அம்மா கேட்பாள். உன் பிள்ளைக்குத் தொட்டில் கடைய வைத்திருக்கிறாய் என்று சொல்லிவிடு.